மாமி இறங்கிய நாள்

மற்றவர் சொல்லி மாமி தன் பைக்கை விட்டு இறங்கியதை நான் ஒரேயொரு தடவைதான் கண்டிருக்கிறேன். அப்படி இறங்கச் சொன்னது ஆமிக்காரனில்லை, பொலிஸில்லை. நான்.

இதை முதலில் சொல்லிவிட்டால் மற்றவற்றைச் சொல்வது லேசாக இருக்கும் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் மாமியின் வேடிக்கைகளை மட்டும் எழுதிவிட்டு எழும்பிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

மாமி எங்களுக்கு உறவில்லை. அடுத்த வளவு. இடையிலிருந்த கிடுகு வேலியில் ஒரு ஆள் குனிந்து புகும் அளவுக்கு ஒரு பொட்டு. தையல் அவருடைய தொழில், பைக் அவருடைய பைத்தியம். ஆள் கட்டை, பைக் உயரம். ஏறியிருந்தால் இரண்டு பெருவிரல்கள் மட்டும்தான் மண்ணைத் தொடும். சேலைக்குள்ளே மாமாவின் காற்சட்டை. கொசுவத்தைச் செருகி, முந்தானையை இடுப்பைச் சுற்றிக் கட்டி, அதற்கும் அடங்காததை உடுப்புக் காயப்போடும் கிளிப்புகளால் கவ்வவிட்டிருப்பார். தலைக்கவசத்துக்குள்ளே கொண்டைக்கென்று பஞ்சை வெட்டி ஒரு குழி.

அவருடைய பைக்கில் யார் ஏறினாலும் முதலில் ஒரு சோதனை உண்டு. ஏறுகிறவரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்ப்பார்.

"தொங்கிற துணி ஒண்டும் இரிக்கப்படா. சில்லுக்கு ஆள் அடையாளம் தெரியா. ஆரெண்டாலும் இழுக்கும்."

முந்தானை, சால்வை, பையின் வார், சாரன் நுனி, எல்லாவற்றையும் சக்கரத்துக்கு எட்டாமல் செருக வேண்டும். கோயில் நிர்வாகத்தைப் பார்க்கிற வண்ணக்கரையே ஒருநாள் நடுச்சந்தியில் வேட்டியை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டவைத்துத்தான் ஏற்றினார். அந்த ஒரு விதியைத் தவிர வேறு எந்த விதிக்கும் மாமி அடங்கிய ஆளில்லை.

பைக் மாமாவுடையது. சுனாமியன்று காலை அவர் மீன் எடுக்கக் கடற்கரைக்குப் போயிருந்தார். எங்கள் வீடுகள் ஆற்றோரம். தண்ணீர் முழங்காலோடு நின்றுவிட்டது. மாமா வரவில்லை. பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து பைக் மட்டும் அகப்பட்டது, தாழங்காட்டுக்குள்ளே மணலில் பாதி புதைந்து. இடிபாடுகளை அள்ளுவதற்கு மண்வாரி இயந்திரம் வந்திருந்தது. அள்ளியதெல்லாம் ஒரு பள்ளத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. மாமி போய் அந்தப் புதைந்த பைக்கின் சீற்றில் ஏறி இருந்துகொண்டார்.

"அக்கா, இறங்குங்க. இது இனிச் சரிவராது. வெறும் இரும்பு," என்றான் இயந்திரக்காரன்.

"இரும்பெண்டா என்ட இரும்பு."

"பின்னேரத்துக்குள்ள இந்த இடத்தத் துப்பரவாக்கச் சொல்லி இரிக்கி அக்கா."

"நல்லம். என்னையும் சேத்து அள்ளு."

நான் அப்போது பள்ளியில் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். அம்மா கட்டித் தந்த சோற்றுப் பார்சலைக் கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். பைக்கில் இருந்தபடியே சாப்பிட்டார். கை கழுவத் தண்ணீர் ஊற்றினேன், அதற்கும் இறங்கவில்லை. பொழுது சாயும்போது அந்த இயந்திரக்காரனே இறங்கி வந்து, மண்வெட்டியால் சுற்றிவரத் தோண்டி, இன்னும் மூன்று பேரைக் கூப்பிட்டு, மாமி மேலேயே இருக்க பைக்கைத் தூக்கி எடுத்தான்.

அதற்குப் பிறகு மாமி அழுததை நான் காணவில்லை. அழவில்லை என்று சொல்லமாட்டேன். வேலிக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டதெல்லாம் உரசுகிற சத்தம்தான். பைக்கை முழுக்கக் கழற்றி, ஒவ்வொரு துண்டாக மண்ணெண்ணெயில் கழுவி, பல் துலக்கும் பிரஷ்ஷால் உப்பை உரசி, சுளகுகளில் பரப்பிக் காயவைத்தார். கழற்றிய ஒழுங்கு மாறாமல் ஒவ்வொரு சுளகிலும் தையல் சோக்கால் இலக்கம். "துணிய வெட்டினா திருப்பிப் பொருத்தத் தெரியணும். இதுவும் அப்படித்தான்கா," என்றார். ஏழெட்டு மாதம் அப்படிப் போனது. ஒருநாள் காலை எஞ்சின் ஒரு தடவை இருமியது. பிறகு தொடர்ந்து இருமியது. அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து, "அந்த மனிசிட வீட்டுக்குள்ள என்ன வெடிக்குது?" என்றார்.

அந்த மாதங்களில் பிடித்ததுதான் மாமியின் பைத்தியம். தையல் மெசின் லாச்சிக்குள் பொத்தானும் நட்டும் ஒன்றாகக் கிடக்கும். ஹாண்டிலில் குடை பிடிக்க ஒரு கவ்வி செய்தார். முதல் நாளே கச்சான் காற்று குடைக்குள் புகுந்து, பைக்கையும் அவரையும் தெருவிலிருந்து தள்ளிக்கொண்டுபோய் வயலுக்குள் விட்டது. சேற்றில் நின்ற பைக்கில் இருந்தபடியே கவ்வியைத் திருகிச் சரிசெய்துகொண்டிருந்தார். மழைக்கு முழங்காலை மூட யூரியாப் பையில் ஒரு மேலுடுப்பு. பெற்றோல் தட்டுப்பாடான நாட்களில் பைக்கை மண்ணெண்ணெயில் ஓட்டினார்; ஸ்டார்ட் எடுப்பதற்கு மட்டும் சில துளி பெற்றோல் வேண்டும். அதற்கு ஆஸ்பத்திரியில் ஏற்றுகிற ஒரு வெறும் சேலைன் போத்தலை ஹாண்டிலில் தொங்கவிட்டு, அதன் குழாயை எஞ்சினுக்குக் கொடுத்திருந்தார். குழாயிலிருந்த சின்னச் சில்லை உருட்டித் துளித்துளியாக விடுவார்.

"என்ன மாமி, நோயாளிக்கு இன்னும் சுகமில்லையா?" என்று சந்தியில் கேட்பார்கள்.

"இவருக்குச் சுகம். உங்களுக்கு வேணுமெண்டாச் சொல்லுங்க, ஒரு போத்தல் ஏத்திவிடுறன்."

என் கலியாணச் சட்டையை அவர்தான் தைத்தார். உடுக்கிற நேரம் பார்த்தால் உட்பக்கத்தில் எஞ்சின் ஒயிலில் ஒரு பெருவிரல் அடையாளம். நான் அழத் தொடங்கிவிட்டேன்.

"உள்ளுக்குத்தானேகா இரிக்கி. மாப்பிளயத் தவிர ஆரு பாக்கப்போறா? அவருக்கு அந்த நேரத்தில ஒயிலப் பாக்கவா நேரம்?"

அறை முழுக்கச் சிரித்தது. நான் மட்டும் அது ஏதும் கூடாத சகுனமாக இருக்குமோ என்று மணவறை வரைக்கும் யோசித்துக்கொண்டே போனேன்.

அது சண்டைக் காலம். சோதனைச் சாவடிகளில் எல்லோரும் இறங்கி பைக்கை உருட்டிக்கொண்டுதான் நடக்க வேண்டும். பெரிய உத்தியோகத்தர்களும் உருட்டினார்கள். என் கணவரும் உருட்டுவார், நான் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு நடப்பேன். மாமி தூரத்திலேயே எஞ்சினை நிறுத்திவிடுவார். சீற்றை விட்டு எழும்பமாட்டார். இரண்டு பெருவிரல்களாலும் மண்ணை உந்தி உந்தி, தாரா வாத்து நடப்பதுபோல் பைக்கை அசைத்துக்கொண்டு போவார்.

"அம்மா, எறங்கு. தள்ளு," என்பான் ஆமிக்காரன்.

"எஞ்சின் நிப்பாட்டித்தானே இரிக்கி தம்பி. காலாலதான் நடக்கிறன். நீங்க எல்லாரும் ரெண்டு காலால நடக்கிறீங்க, நான் ரெண்டு காலும் ரெண்டு சில்லும்."

அவனுக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது, சிரித்துவிட்டு விடுவான். ஆனால் ஆட்கள் மாறிக்கொண்டிருப்பார்கள். புதிதாக வந்த ஒருவன் விடவில்லை. இறங்கும்வரைக்கும் இங்கேயே நில் என்று ஒதுக்கிவிட்டான். நாங்கள் பஸ்ஸில் வந்து, இறங்கி வரிசையில் நின்றபோது பார்த்தேன். வெயில் உச்சியில். மாமி குடையைக் கவ்வியில் பொருத்திக்கொண்டு, பைக்கில் இருந்தபடியே யாருடையதோ சட்டைக்குப் பொத்தான் துளை தைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு அவன். நான் அப்போது மகளை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தேன்.

"மாமி, இறங்கிருங்களன். ஒரு நிமிசம்தானே," என்று மெதுவாகச் சொன்னேன்.

ஊசியை எடுக்காமலே நிமிர்ந்து பார்த்தார். "நீ வெயிலுக்குள்ள நிக்காத. போகா."

நாலு சட்டை முடிந்த பிறகு அவர்களுடைய பெரியவன் ஒருவன் வந்து கையை அசைத்து விட்டானாம். அதற்குப் பிறகு ஊரில் மாமியைத் தாரா மாமி என்றும் சொன்னார்கள். அவருக்கு அதில் ஒரு பெருமை.

அதைவிடப் பெரிய கூத்து மண்டூர்ப் பாதையில் நடந்தது. ஆற்றைக் கடக்கிற மிதவைப் படகை இங்கே பாதை என்றுதான் சொல்வோம். கோயில் திருவிழாவுக்கு ஆட்களும் பைக்குகளும் நெருக்கியடித்துப் போவார்கள். பாதையில் ஏறும்போது எல்லோரும் வாகனத்தை விட்டு இறங்க வேண்டும் என்பது பாதைக்காரரின் சட்டம். மாமி இறங்கவில்லை. கரை தட்டியபோது, கியரில் விட்டிருந்ததை மறந்து ஸ்டார்ட்டை உதைத்தார். பைக் துள்ளிப் பலகையின் விளிம்பைத் தாண்டி ஆற்றுக்குள் போனது. ஆழமில்லை. தண்ணீர் சீற்று மட்டத்துக்கு நின்றது. மாமி மேலேயே இருந்தார், சேலைன் போத்தல் ஹாண்டிலில் ஆடிக்கொண்டு.

"இறங்குங்க மாமி! இறங்குங்க!" என்று எல்லோரும் கத்தினார்கள்.

"தண்ணிக்குள்ளயா? மேல இரிக்கிறதே நல்லம். கயிறப் போடுங்க!"

இப்படியெல்லாம் இருந்த மனிசியைத்தான் நான் இறக்கினேன்.

சண்டை முடிந்துவிட்டது என்று வானொலியில் சொன்ன வருடம் அது. மகளுக்கு இரண்டு வயது கடந்திருந்தது. அவளுடைய அப்பா கட்டார் நாட்டில் வேலை. எங்கள் தெருவிலிருந்த சாவடியைக் கழற்றிக்கொண்டு போனார்கள். தகரமும் மணல் மூட்டைகளும் போன இடத்தில் மண் மட்டும் வேறு நிறமாகக் கிடந்தது. மாமி முதல் தடவையாக அந்த இடத்தை எஞ்சினோடு கடந்து போய், திரும்பி வந்து, மறுபடியும் கடந்து போனார். என் மகள் வேலியைப் பிடித்துக்கொண்டு, "நானும்" என்றாள்.

மறுநாளே மாமி ஒரு சின்ன பிளாஸ்ரிக் கதிரையை எடுத்து, கால்களை அறுத்து, பின்சீற்றில் போல்ட் அடித்து இறுக்கினார். பழைய புத்தகப் பைகளின் வார்களில் குறுக்குப் பட்டி தைத்தார். அந்தப் பட்டியில் தானே தொங்கி இழுத்துக் காட்டினார். அப்படியும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. சந்தி வரைக்கும் போய்வருவதுதான். அம்மா, "அந்த மனிசிட சாமானில என்ட பேத்திய ஏத்தாத" என்றார். கணவர் போனில், "உன்ட விருப்பம்" என்றார். என் விருப்பம் எது என்று எனக்கே தெரியவில்லை. வேண்டாமென்றால் மாமி மனம் நோவார், சரியென்றால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடும். சரியென்றேன்.

மாமி வழமைபோல் சுற்றி வந்து பார்த்தார். பட்டியை இழுத்துப் பார்த்தார். "சரி. ஒண்டும் தொங்கல்ல," என்று முன்னால் ஏறி ஸ்டார்ட்டை உதைக்கத் தொடங்கினார். அந்த நேரம்தான் என் கழுத்தில் கிடந்த சால்வையை எடுத்து, மகளின் இடுப்பையும் கதிரையின் முதுகையும் சேர்த்துச் சுற்றி ஒரு முடிச்சுப் போட்டேன். பட்டி போதாதோ என்று. ஒரு பாதுகாப்புக்கு. மாமி அதைப் பார்க்கவில்லை.

பத்து யார் தூரம் போயிருக்காது. முடிச்சிலிருந்து நழுவிய சால்வை நுனி பின்சில்லுக்குள் போனது. கதிரை ஒரு பக்கம் இழுபட்டது. மாமி பிரேக்கைப் பிடிக்க, பைக் சரிந்து மணலில் விழுந்தது. பட்டி பிள்ளையை விடவில்லை. கதிரையோடு கதிரையாக விழுந்தாள். நெற்றி தெருவோரத்துக் கல்லில் பட்டது. இரத்தத்தைக் கண்டதும் நான் பட்டியையும் முடிச்சையும் அவிழ்த்து அவளைப் பறித்துக்கொண்டு ஓடினேன். திரும்பிப் பார்த்தபோது மாமி சில்லருகே குந்தியிருந்து கத்தரிக்கோலால் எதையோ வெட்டி எடுத்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் இரண்டு தையல். பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது மாமி எங்கள் வாசல் படலையடியில் பைக்கில் இருந்தார். முழங்கையில் தோல் உரிந்திருந்தது. பிள்ளையைப் பார்ப்பதற்காகக் கையை நீட்டினார்.

"இறங்குங்க," என்றேன்.

எனக்கு அப்படி ஒரு குரல் இருப்பது எனக்கே தெரியாது.

"இறங்குங்க மாமி. என்ட புள்ளட தலையில தையல் போட்டிரிக்கி. இனி இதுல ஏறாதீங்க. என்ட புள்ளைக்கு முன்னால ஏறாதீங்க."

மாமி என்னைப் பார்த்தார். பிள்ளையின் நெற்றியைப் பார்த்தார். பிறகு காலைத் தூக்கி இறங்கினார். பைக்கை உருட்டிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி, தன் வளவுக்கு நடந்தார். சாவடிகளில் நாங்களெல்லாம் நடந்ததுபோல. அவர் அப்படி நடந்ததை அன்றுதான் பார்த்தேன்.

முடிச்சைப் பற்றி நான் அம்மாவிடம் சொல்லவில்லை. கணவரிடமும் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். அதற்குள் ஊர் தன் கதையைச் சொல்லிவிட்டது. "தாரா மாமி புள்ளய விழுத்திட்டா." கிணற்றடியில் யாராவது அப்படிச் சொல்லும்போது நான் வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தைக்கத் துணி கொடுக்க வருகிறவர்கள் குறைந்தார்கள். மாமி பை தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். பைக் தார்ப்பாய்ப் படங்கால் மூடிக் கிடந்தது. ஆனால் ஒவ்வொரு நாள் காலையிலும் வேலிக்கு அப்பால் எஞ்சின் சத்தம் கேட்கும். நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் ஓடும். பிறகு நின்றுவிடும். சத்தம் கேட்டதும் மகள் ஓடிப்போய் வேலியடியில் நிற்பாள். "மாமி வாறா." மாமி வரமாட்டார். ஐந்து மாதம் இது நடந்தது. அந்தப் பத்து நிமிடம் முழுக்க நான் அடுப்படியில் ஏதாவது பாத்திரத்தைச் சத்தமாகக் கழுவுவேன்.

ஒருநாள் பழைய பைக் வாங்குகிற ஒருவர் மாமியின் வளவுக்கு வந்தார். வேலியோரம் நான் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

"ஓடாமக் கிடக்கெண்டு கேள்விப்பட்ட. விக்கிற எண்ணமோ?"

"பாக்க வந்தாய்தானே. பாரு," என்றார் மாமி.

வந்தவர் படங்கைத் தூக்கிச் சுற்றிவரப் பார்த்தார். "எஞ்சின் நல்லம்தான். ஆனா இது ஆரோ புள்ளய விழுத்தின பைக்காமே. அப்படி ஒரு பேரிரிந்தா ஊருக்குள்ள எடுக்கமாட்டானுகள்."

மாமி படங்கின் நுனியை மடித்துக்கொண்டு நின்றார். அதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. ஈர உடுப்போடு வேலிப் பொட்டுக்குள்ளால் குனிந்து புகுந்தேன்.

"பைக் விழுத்தல்ல. மாமியும் விழுத்தல்ல. நான்தான். நான் சால்வையால கட்டின. சில்லுக்குள்ள போனது என்ட சால்வை."

வந்தவர் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார்.

"கேட்டயா?" என்றார் மாமி அவரிடம். "போய் ஊரெல்லாம் சொல்லு. விக்கிறதெண்டு ஆரு உனக்குச் சொன்ன? கிறுகிப் போ."

அவர் போன பிறகு சுளகொன்றின் பக்கத்தில் நிலத்தில் இருந்துவிட்டேன்.

"உங்களுக்குத் தெரியுமா மாமி?"

"சில்லுக்குள்ள இரிந்து அதை வெட்டி எடுத்தது ஆரு? உன்ட சால்வை எனக்குத் தெரியாதா? கரை அடிச்சுத் தந்ததே நான்."

"மறுகா ஏன் சொல்லல்ல? ஏன் இறங்கின நீங்க?"

"துவக்கோட நிக்கிறவன் சொன்னா இறங்கமாட்டன். தலையில தையலோட புள்ளயத் தூக்கிட்டு நிக்கிறவள் சொன்னா என்ன செய்ற?" சுளகிலிருந்த ஒரு நட்டை எடுத்துத் துடைத்தார். "நான் சொல்லியிரிந்தா நீ அந்தப் புள்ளயக் கையால தொடவும் பயந்திரிப்பாய். உன்னைத் தெரியாதா எனக்கு."

பிறகுதான் பைக்கைப் பார்த்தேன். பின்சில்லுக்கு இரண்டு பக்கமும் மேசை மின்விசிறியின் கம்பிக்கூடு பொருத்தியிருந்தது. விரல்கூடப் போகாது. கதிரை இப்போது முன்னால், ஹாண்டிலுக்கும் சீற்றுக்கும் நடுவில். அதன் முதுகில் ஒரு நீளப் பட்டி. மடித்து மடித்துத் தைத்திருந்தாலும் பூவை அடையாளம் கண்டுகொண்டேன். என் சால்வை. ஒயில் பட்ட இடத்தை வெட்டி நீக்கியிருந்தார்.

"அது என்னத்துக்கு மாமி?"

"உனக்குக் கட்டத்தானே வேணும். கட்டாம உன்னால இரிக்க ஏலா. இனி அதுல கட்டு, சில்லுக்கு எட்டாது. பத்து முடிச்செண்டாலும் போடு." தலைக்கவசத்தை எடுத்துத் தட்டினார். "இப்ப சொல்லு. நான் ஏறட்டா, வேணாமா?"

ஐந்து மாதமாக அந்தப் படங்குக்குக் கீழே பைக்கைத் தயாராக்கி வைத்துக்கொண்டு அவர் எனக்காகக் காத்திருந்திருக்கிறார்.

"ஏறுங்க மாமி," என்றேன்.

"நீயும் ஏறு. புள்ளயக் கூட்டிட்டு வா. மண்டூருக்கு என்ட தங்கச்சி வீட்ட போவம்."

அம்மா படலையில் நின்று கையை விரித்தார். அவரிடமும் முடிச்சைப் பற்றிச் சொன்னேன். அவர் விரித்த கையை இறக்கினார். மகளை முன்னால் கதிரையில் வைத்துப் பட்டியை மாட்டினோம். சால்வைப் பட்டியில் நான் ஒரு முடிச்சுப் போட்டேன். மாமி என்னைச் சுற்றி வந்து பார்த்து, சட்டை நுனியை எனக்குக் கீழே செருகிவிட்டார். பழைய சாவடி இருந்த இடத்தை எஞ்சின் நிறுத்தாமல் கடந்தோம். கடை வாசல்களில் ஆட்கள் எழும்பி நின்று பார்த்தார்கள். மாமி ஒருவரையும் பார்க்கவில்லை. நான் ஒவ்வொருவரையும் பார்த்தேன்.

துறையில் மிதவைப் பாதை புறப்படத் தயாராக நின்றது. பாதைக்காரருக்கு மாமியைக் கண்டதும் பழைய ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"இறங்குங்க! மாமி, உங்களத்தான் சொல்லுறன், பழையபடி ஆத்துக்குள்ள விழுறதுக்கா? இறங்குங்க!"

மாமி எஞ்சினை நிறுத்தி நியூட்ரலைப் பார்த்துக்கொண்டார். கண்ணாடியில் என்னைப் பார்த்தார். பெருவிரல்கள் பலகையைத் தொட்டபடி, உந்தாமல் காத்திருந்தன.

ஆற்றில் பலத்த காற்று. பிள்ளை முன்னால் இருக்கிறாள். பலகை ஈரம். இறங்குவதுதான் புத்தி என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

"இறங்கமாட்டம்," என்றேன்.

சொல்லிவிட்டு, மாமியின் தோளுக்கு மேலால் கையை நீட்டி அந்த முடிச்சை இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தேன்.